மூணு பேர் நிற்கக் கூடாத படம்

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில் வாயனசாலைச் செயலாளர் போன் செய்தார். வாயனசாலை என்றால் எங்கள் தெருமுனையில் இருக்கும் நூலகம்தான். "சேச்சி, ஞாயிற்றுக்கிழமை அனுசோசனக் கூட்டம் வெச்சிருக்கோம். வாசல்ல ஃபிளெக்ஸ் கட்டணும். சாரோட நல்ல போட்டோ ஒண்ணு அனுப்பினா போதும்" என்றார். அனுசோசனம் என்றால் இரங்கல். அவர் சொன்னது மலையாளத்தில். எனக்கு எதுவும் உள்ளே போகும்போது தமிழாகத்தான் போகும்.

"இதோ அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எந்தப் படம் என்று யோசித்தேன். முப்பது வருஷமாகக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்த மனுஷன். வீட்டில் படத்துக்கா பஞ்சம்? பெட்டி பெட்டியாக இருக்கிறது. எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன், மகள் இருக்கிறாள், அடுத்த வீட்டுப் பூனைகூட நாலைந்தில் இருக்கிறது. அவர் மட்டும் இல்லை.

இதற்குக் காரணம் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை என்னைப் பாவம் பாவம் என்று நினைத்துவிட்டுப் பிறகு யாரும் ஏமாந்துபோக வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஆட்கள் மூணு. மூணு பேர் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, எடுத்தால் ஒருத்தர் போய்விடுவார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதிலும் நடுவில் நிற்கிறவருக்குத்தான் ஆபத்தாம். யார் கண்டது, எப்போது கண்டது என்றெல்லாம் கேட்கக் கூடாது. தென்காசிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு அரிசி வியாபாரத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தமிழே பாதி கரைந்துபோய்விட்டது. என் மகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இந்த ஒரு பயம் மட்டும் ஒரு நூல்கூடக் குறையாமல் எங்களோடு இருக்கிறது.

நாலாவதாக ஒருத்தர் வந்து நின்றால் தோஷமில்லை. ஆனால் நாலு பேர் நின்றால் எடுப்பதற்கு ஐந்தாவது ஆளைத் தேட வேண்டும். அதெல்லாம் நடக்கிற காரியமா? அதனால் எப்போதும் நானும் மகளும் நிற்போம், அவர் எடுப்பார். "கேமராவே தானா எடுத்துக்கும்டி, பட்டனை அழுத்திட்டு ஓடி வந்து நிக்கறேன்" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "ஓடி வந்தா மூணு ஆயிடும்ல? அங்கேயே நில்லுங்க" என்பேன். நிற்பார்.

நீ எடுத்திருக்கலாமே, அப்பாவும் மகளும் ரெண்டு பேர்தானே என்று கேட்பீர்கள். எடுத்தேன், ஒரே ஒரு தடவை, கடற்கரையில் வைத்து. ரெண்டு பேருக்கும் தலை இல்லை. கழுவி எடுத்து வந்தபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அக்கம்பக்கத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இனிமே இந்தக் கருமத்தைத் தொட்டேன்னா ஏன்னு கேளுங்க" என்றேன். தொடவில்லை. அந்த வீராப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. ஞாயிறு வந்தால் வேறு ஆள். ப்ரொஜக்டர் ஒரு பையிலும் லேப்டாப் ஒரு பையிலும். 'விண்வெளி யாத்திரை, படங்களில்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துவார். வாயனசாலை, பள்ளிக்கூடம், ஏலூர் தொழிலாளிகளின் மன்றம், யார் கூப்பிட்டாலும் போவார். போட்டிலும் பஸ்ஸிலுமாக நானும் கூடப் போவேன், லேப்டாப்பில் பட்டனைத் தட்டுவதற்கு. ரெண்டு கையையும் வீசாமல் அவருக்குப் பேச வராது. "அடுத்தது" என்பார், தட்டுவேன். கேட்டுக் கேட்டு எனக்கே எல்லாம் மனப்பாடம்.

முதல் படம் பார்க்கச் சகிக்காது. ஒரே சாம்பல், ஓரத்தில் லேசாக ஒரு வளைவு. ராக்கெட்டில் கேமராவை வைத்து மேலே அனுப்பிப் பூமியை எடுத்தது. "ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துக் காட்டுவாங்கல்ல, அது மாதிரிதான். ஒண்ணும் புரியாது. ஆனா நம்ம பிள்ளை" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். அடுத்தது நாய். திரும்பி வர வழியே வைக்காமல் அனுப்பிய நாய். வாயில்லா ஜீவனை உட்கார வைத்துப் படமும் பிடித்து அனுப்பியிருக்கிறார்களே பாவிகள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும், வேகமாகத் தட்டிவிடுவேன். "இரு, இரு, அவளை ஒரு நிமிஷம் பார்க்கட்டும்" என்று பின்னால் போகச் சொல்வார்.

திருவனந்தபுரத்துப் பக்கத்துக் கடற்கரையில் ராக்கெட்டின் மூக்கைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற படத்துக்குக் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். எனக்குப் பிடித்தது வேறு. செவ்வாய்க்கு அனுப்பிய கலம் போய்ச் சேர்ந்ததும் நம் பெண்கள் பட்டுப்புடவையும் தலையில் பூவுமாகக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிற படம். நான் ஜாக்கெட் தைக்கிறவள், ஒவ்வொருத்தியின் கையிறக்கத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். "அடுத்தது" என்று ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

நிலாவில் முதலில் இறங்கின கதை வரும்போதுதான் எனக்கு வம்பு. போன மூணு பேரும் போவதற்கு முன்னால் சேர்ந்து உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று. அதைப் போட்டுவிட்டு இருட்டில் என் பக்கம் திரும்புவார். "மூணு பேர் சேர்ந்து படம் எடுத்தா ஆகாதுன்னு சொல்ற ஒருத்தங்க இங்க இருக்காங்க. இவங்க எடுத்தாங்க, நிலா வரைக்கும் போனாங்க, மூணு பேரும் முழுசாத் திரும்பி வந்தாங்க." மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். எனக்கு மானம் போகும்.

வீட்டுக்கு வந்து திருப்பிக் கொடுப்பேன். அதே நிலாத் திட்டத்துக்காக அதற்கு முன்னால் தயாரான வேறு மூணு பேர் உண்டு. கலத்தின் சின்ன மாதிரியை மேஜையில் வைத்து, விளையாட்டாகக் கைகூப்பித் தலை குனிந்து கும்பிடுகிற மாதிரி அவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் தரையிலேயே சோதனை செய்யும்போது கலத்துக்குள் தீப்பிடித்து மூணு பேரும் போய்விட்டார்கள். "அவங்களும் மூணு பேராத்தானே எடுத்தாங்க? அதுக்கு என்ன சொல்றீங்க?" என்பேன். "அதுக்கும் போட்டோவுக்கும் என்னடி சம்பந்தம், கம்பியில தீப்பிடிச்சுது" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். இறந்தவர்களை வைத்து வாதாடப் பிடிக்காது அவருக்கு. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சாயா போடப் போவேன்.

இன்னொன்றும் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். நிலாவில் முதலில் கால் வைத்தவருக்கு அங்கே நின்றபடி நல்ல படம் என்று அநேகமாக ஒன்றுமே இல்லை. நாம் பார்க்கிற படமெல்லாம் ரெண்டாவதாக இறங்கினவருடையது. "ஏன்னா கேமரா முதல் ஆள் கையில இருந்தது!" என்று கையை விரிப்பார். ரெண்டாமவரின் தலைக்கவசக் கண்ணாடியில் பொட்டுப்போல முதலாமவர் தெரிவதை ஒரு குச்சியால் தொட்டுக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி அவருக்கே சிரிப்பு வரும். நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட என் மண்டையில் உறைக்கவில்லை.

செயலாளருக்கு அனுப்ப ஒன்றும் இல்லாமல் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கல்யாண ஆல்பம் எத்தனையோ மழைக்காலத்து ஈரத்தில் பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் முகம் உரிந்து வந்தது. வந்தாலும்தான் என்ன, இருபத்தேழு வயது மாப்பிள்ளையை அனுசோசனத்துக்கு மாட்ட முடியுமா? வாயனசாலையிலேயே கேட்டேன். அவர்களிடம் நிறையப் படம் இருந்தது. எல்லாம் இருட்டில் எடுத்தது. திரையில் நிலா பளீரென்று நிற்கிறது, பக்கத்தில் கையை விரித்துக்கொண்டு ஒரு கறுப்பு உருவம். அவர்தான். யாரென்று சொன்னால்தான் தெரியும்.

கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தை அனுப்பினேன். திருடனைப் பிடித்து நிறுத்தின மாதிரி இருப்பார் அதில். ஃபிளெக்ஸ் கடைக்காரர் நல்ல மனசோடு ஒரு வேலை செய்தார். முகத்தை வெள்ளையாக்கி, கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டும் டையும் போட்டுவிட்டார். போனவர்களுக்குக் கோட் போட்டு அனுப்புவது இங்கே ஒரு மரியாதை. வேட்டியைத் தவிர வேறு கட்டியறியாத மனுஷன். ஞாயிற்றுக்கிழமை வாயனசாலை வாசலில் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். அப்புறம் அடக்க முடியாத அழுகை. மகள் என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

கூட்டத்தில் அவர் காட்டுகிற படங்களில் ஒன்றைத் திரையில் போட்டார்கள், நிலாவில் நிற்கிற அந்த ரெண்டாவது ஆள். செயலாளர் பேசும்போது, "நம்ம சார் இந்த இடத்துல ஒண்ணு சொல்வாரே, ஞாபகம் இருக்கா? முதல் ஆளுக்குப் படம் இல்லை, ஏன்னா கேமரா அவர் கையில இருந்ததுன்னு" என்றார். எப்போதும் சிரிக்கிற இடம் அது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் வாசலில் கோட் போட்டு நிற்கிற ஆளின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தரை பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. அத்தனை வருஷம் அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது தன்னைப் பற்றித்தான் என்று இல்லை, அவருக்கு அப்படியெல்லாம் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தட்டின எனக்காவது தோன்றியிருக்கலாம்.

மறுநாள் காலையில் மகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு, இதெல்லாம் சரளமாக வரும். பழைய பிரிண்டையெல்லாம் அவர் அதில் ஏற்றி வைத்திருந்தார். எங்கேயாவது ஒன்றில் அப்பா இருப்பார் என்று வருஷம் வருஷமாகத் தேடினாள். வெயில் பின்னால் இருந்த படங்களில் அவருடைய நிழல் எங்கள் காலடிவரை நீண்டு கிடந்தது. அது மட்டும் ஏகப்பட்டது. போட் ஜெட்டியில் ஒரு நிழல், அரிசிக் கிடங்கு வாசலில் ஒன்று, அவள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோது ஒன்று. எல்லா நிழலுக்கும் ரெண்டு முழங்கை வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது.

கடைசிப் படம் ஆஸ்பத்திரியில் எடுத்தது, அவள் போனிலிருந்து ஏற்றினது. அதைத் திறந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, அன்னைக்கு ஒரு படம் எடுக்க விட்டிருக்கலாம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். இருதயத்தில் அடைப்பு, காலையில் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் மதியம் மகள் வந்து இறங்கினாள். அவளைப் பார்த்ததும் அவர் தெம்பாகிவிட்டார், தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் அவர். அவள் போனை எடுத்துக் கையை நீட்டினாள், மூணு பேரையும் சேர்த்து எடுக்க. அவர் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். அதுவரை ஒரு நாளும் அதற்கெல்லாம் இசைந்தவர் இல்லை, கையை நீட்டித் தன்னைத்தானே எடுப்பதெல்லாம் ஒரு படமா என்பார். அன்றைக்கு அவரே சிரித்துக்கொண்டு ரெடியாக இருந்தார்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். "நாளைக்கு ஆபரேஷனை வெச்சுக்கிட்டு மூணு பேரா எடுக்கறியே, அறிவிருக்கா உனக்கு? அதுவும் அவரை நடுவுல வெச்சு!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "விடும்மா, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றாள். "வாயை மூடு" என்றேன். அவர் ஒரு வழி சொன்னார், நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தினால் நாலு ஆகிவிடும் என்று. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டு, மருந்து கொடுத்துவிட்டு வருகிறேன் அங்கிள் என்றாள். அவள் வருவதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.

"சரி, போனை இங்க குடு" என்று அவர் வாங்கிக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் அப்படித் தள்ளி நில்லுங்க." கட்டிலில் இருந்தபடியே எங்களை எடுத்தார். கையில் ஊசி குத்தியிருந்ததால் போனைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை, ரெண்டு தடவை எடுத்தார். "சிரியேன்டி, நாளைக்கு எனக்குத்தானே ஆபரேஷன்" என்றார். நான் சிரிக்கவில்லை. காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். உயிரோடு வெளியே வரவில்லை.

அந்தப் படத்தைத்தான் மகள் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனாள். என் முகம் வந்தது, முறைத்துக்கொண்டு நிற்கிறேன். இன்னும் பெரிதாக்கினாள், என் மூக்குக்கண்ணாடி மட்டும் திரை முழுக்க வந்தது. கண்ணாடியில் ஒரு ஜன்னல் வெளிச்சம், வெள்ளை விரிப்பு, அதற்கு மேல் தூக்கிப் பிடித்த ஒரு கை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் போன் மறைத்துக்கொண்டிருந்தது. "போதும், மூடு" என்றேன். "நான் என்ன ஆசைப்பட்டா வேண்டாம்னு சொன்னேன்? அவர் நல்லா இருக்கணும்னுதானேடி சொன்னேன்" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஆசை தீர அழுதோம்.

காரியங்கள் முடிந்து மகள் ஊருக்குக் கிளம்பினாள். ஆலுவாவில் ரயில் ஏற்றிவிட நானும் நாத்தனாரும் போனோம். நாத்தனார் அவருக்குத் தங்கை, அதே மூக்கு, அதே நெற்றி. ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது மகள் போனை எடுத்து, "அத்தை, வாங்க, அம்மாவோட நில்லுங்க. ஒரு படம் எடுத்துக்கலாம்" என்று அவள் தோளில் கை போட்டாள்.

நாத்தனார் பதறிப் பின்னால் போனாள். "ஐயையோ, நான் வேண்டாம், மூணு ஆயிடும். இங்க குடு, நான் எடுக்கறேன்." போனை வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "நீங்க நில்லுங்க. இப்ப ரெண்டு பேர்தானே, தாராளமா நிக்கலாம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் என்ன சொல்லியிருப்பேனோ அதையேதான் அவளும் சொன்னாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "நில்லு, நடுவுல நில்லு." அவள், "என்ன அண்ணி இது, வேண்டாம், விடுங்க" என்று கையை உதறினாள். நான் விடவில்லை. பக்கத்தில் பெட்டி தூக்குகிற சேட்டன் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். போனை அவர் கையில் கொடுத்து, "சேட்டா, ஒண்ணு எடுங்க. மூணு பேரும் நல்லாத் தெரியணும்" என்றேன். மகள் வந்து அந்தப் பக்கம் நின்றாள்.

நன்றாகத்தான் எடுத்தார் அந்த மனுஷன். நாத்தனார் பயந்துபோய்க் கண்ணை உருட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறாள், மகள் அழுகிறாள், நான் கேமராவை நேராகப் பார்க்கிறேன். பிரிண்ட் போட்டுத் தையல் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. மகளுக்கு ஆபீஸில் பதவி உயர்வு வந்தது. நாத்தனாரின் மூட்டுவலிகூட இப்போது பரவாயில்லையாம், மாடிப்படி ஏறுகிறாள். எனக்கு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை. தினமும் காலையில் மிஷினில் உட்காரும்போது ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறேன். மூணு பேரும் இருக்கிறோம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.